வெள்ளிக் காது

விரல் மறுபடியும் இரண்டாகிவிட்டது. வலது பக்கம் இருந்தவரை ஒற்றை விரல்தான், மோதிரம் போட்ட ஒழுங்கான விரல். மூக்குக்கு நேரே வந்ததும் ஓரம் கலங்கியது, இடது பக்கம் தாண்டியதும் பிளந்துகொண்டு இரண்டாக நின்றது, மோதிரமும் இரண்டு. தலையைத் திருப்பாதே, கண்ணை மட்டும் திருப்பு என்றான் விரலுக்குச் சொந்தக்காரன். காலையிலிருந்து எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். பரணி கண்ணைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தான். வலது கண் போனது. இடது கண் நடுவிலேயே நின்றது, கட்டிப் போட்ட மாடு கயிறு இழுத்த இடத்தில் நிற்கிற மாதிரி, அதற்கு மேல் வராது. வரலீங்க என்றான். அந்தப் பையனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. வராமல் இருந்தால்தானே அவனுக்கு மார்க். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு இன்றைக்குக் கடைசி வருஷப் பரீட்சை. வார்டில் கிடப்பவர்களில் நல்ல நோயாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்து வரிசையாகக் கட்டிலில் போட்டிருந்தார்கள், ஒவ்வொரு கட்டிலும் ஒரு கேள்வி. பதினொன்றாவது பாதியில் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று ஓடி வந்தவனைக் கொண்டுவந்து பரீட்சை ஹாலில் கேள்வித்தாளாகப் படுக்கப் போட்டிருக்கிறார்கள். கூடப் படித்த கிஷோர் பார்த்தால் சிரித்தே செத்துப்போவான். கிஷோரை ஏன் இப்போது நினைக்கணும். கிஷோர் வேண்டாம். மின்விசிறியைப் பார்க்கலாம். மின்விசிறியும் இரண்டு, ஒன்றின் மேல் ஒன்று ஏறிச் சுற்றுகிறது, பார்த்தால் குமட்டுகிறது. முகத்தை லேசாக இடது பக்கம் சாய்த்தால் ஒன்றாகிவிடும். சாய்க்கக் கூடாது என்று உத்தரவு.

உத்தரவு போட்டவர் பி.ஜி. டாக்டர், டாக்டராகி முடித்த பிறகும் மேலே படித்துக்கொண்டிருக்கிறவர். விடிந்ததும் வந்து நின்று சொல்லிவிட்டுப் போனார். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, நோய்ப் பேரைச் சொல்லாதே, கண்ணைத் திருப்புகிற ஆறாவது நரம்பா என்று யாராவது வாயைக் கிளறினால் தெரியாதுன்னு சொல்லு, தலையைத் திருப்பாதே, பரீட்சை வைக்கிற டாக்டர் வந்து நிற்கும்போது வாயே திறக்காதே. அடுத்த கட்டில் அய்யண்ணனுக்கு அவர் எதுவும் சொல்லவில்லை. அய்யண்ணன் மண்ணீரல். வயிற்றுக்குள் மண்ணீரல் பூசணிக்காய் அளவுக்கு வீங்கி வருஷக்கணக்காகிறது, பரீட்சை வந்தால் ஆஸ்பத்திரியிலிருந்து போன் போட்டுக் கூப்பிடுகிறார்கள், அவரும் எருமப்பட்டியில் பஸ் ஏறி, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்கு வருகிற மாதிரி வந்துவிடுகிறார். இங்கிருக்கிற பாதி டாக்டர்கள் தன் வயிற்றைத் தடவித்தான் பாஸானார்கள் என்பது அவர் கணக்கு. பிள்ளைகள் திணறினால் வீக்கம் முடிகிற இடத்தில் அரிக்கிற மாதிரி சுரண்டிக் காட்டிக் கொடுத்துவிடுவாராம். உனக்கு என்ன தம்பி, கண்ணு, கண்ணுக்கு எங்க போயி சுரண்டறது என்று காலையில் கேட்டுச் சிரித்தார். பரணியும் சிரித்தான். சிரித்ததும் இடது கன்னத்துக்குள்ளே, கண்ணுக்குப் பின்னால், ஆணி இறங்கியது. அந்த வலி வந்தால் பல்லெல்லாம் கூசும். பல் வலி என்றுதான் முதலில் நினைத்தான். கிராம்பு வைத்து அடக்கிக்கொண்டு திரிந்தான்.

டாக்டர்கள் எல்லோரும் வலது பக்கம்தான் நிற்கிறார்கள். அது அவர்களுக்குச் சட்டமாம், நோயாளியின் வலது கைப் பக்கம் நின்றுதான் தொடணுமாம், அய்யண்ணன் சொன்னார். அந்தச் சட்டம் போட்டவன் நல்லா இருக்கட்டும். இடது பக்கம் சுவர். இடது காது சுவர்ப் பக்கம். அது பாட்டுக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கட்டும். காதுக்குள்ளே பஞ்சு. பஞ்சுக்கு மேலே முடி, காதை மறைக்கிற மாதிரி வளர்த்த முடி, அம்மா வெட்டு வெட்டு என்று நச்சரிக்கிற முடி. யாரும் எழுந்திருக்கும் முன்னால் கக்கூஸுக்குப் போய்ப் பழைய பஞ்சை எடுத்துவிட்டுப் புதுசு வைத்துவிட்டு வந்தான். பழையது மஞ்சளும் பச்சையுமாக ஊறியிருந்தது. அதை முகர்ந்து பார்த்தான். தினமும் முகர்ந்து பார்க்கிறான், பார்க்காமல் இருக்க முடிகிறதா. இன்றைக்குக் கம்மியா, அதிகமா, பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியுமா. தன் நாற்றம் தனக்குப் பழகிவிடும், அதுதான் இதிலே பெரிய அநியாயம், அடுத்தவன் மூக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளணும். கிஷோர் மூக்கைப் பார்த்துத்தான் தெரிந்தது. கிஷோர் ஒன்றும் சொல்லவில்லை. பெஞ்சில் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தான். மறுநாள் இன்னொரு சாண். அப்புறம் ஜியாமெட்ரி பாக்ஸை எடுத்துக்கொண்டு முன் பெஞ்சுக்குப் போய்விட்டான், பலகை தெரியலடா என்று சொல்லிவிட்டு. கண்ணாடி போடாத பயல், கிரவுண்டின் அந்தக் கோடியில் இருந்து பஸ் நம்பர் படிக்கிற பயல், பலகை தெரியலையாம். வேதியியல் சார் இன்னும் நல்லவர், பரணி நீ ஜன்னல் ஓரம் உட்காருப்பா, காத்து வரும் என்றார். ஒரு பொம்பளைப் பிள்ளை கைக்குட்டையில் சென்ட் அடித்துக்கொண்டு வந்தாள். யாருமே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். பொங்கல் லீவோடு நின்றுவிட்டான். கணக்கு வரல என்று வீட்டில் சொன்னான். கணக்கு நன்றாகவே வரும். அம்மா இன்றைக்கும் பார்க்கிறவர்களிடம் எல்லாம் எங்க பையனுக்குக் கணக்குத்தாங்க வரல என்கிறாள். பிறகு பழைய டயருக்கு மேல்ரப்பர் ஒட்டுகிற கடையில் வேலைக்குச் சேர்ந்தான், ரப்பர் வேகிற நாற்றத்தில் எந்தக் காதும் யாருக்கும் தெரியாது. ஊரில் எத்தனையோ வேலை இருக்க ஏன்டா இந்தக் கரி வேலை என்று கேட்டவர்களுக்குச் சம்பளம் பரவாயில்லை என்று சொல்லி வைத்தான். அங்கேதான் போன வாரம் வாசலில் நின்ற லாரி ரெண்டு லாரியானது. முதலாளி, ராத்திரி ஊத்திக்கிட்டு வந்தியா என்று வாயை ஊதச் சொன்னார். ஊதினான். வாய் சுத்தமாகத்தான் இருந்தது.

மோதிரக்காரன் போய் அடுத்தவள் வந்து அவளும் விரலை ஆட்டிவிட்டுப் போனாள். ஒவ்வொருத்தரும் பார்த்து முடித்ததும் பரீட்சை டாக்டர் வருகிறார், கட்டில் காலடியில் நின்று இந்த நரம்பு ஏன் செத்துக் கிடக்கிறது, காரணம் சொல்லு என்கிறார். இங்கிலீஷ்தான், ஆனாலும் நடுநடுவே தமிழ் விழுகிறது, காலையிலிருந்து கேட்டுக் கேட்டுப் பரணிக்குப் பாதி புரிந்துபோனது. சர்க்கரை, சார். சரி. பி.பி., சார். சரி. மூளைக் கட்டி. அதைச் சொன்னவன் பரணியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னான், பால் வாங்கிட்டு வா என்கிற மாதிரி. பரணி தன் மண்டைக்குள்ளே கையை விட்டுத் துழாவினான். கட்டி இருந்தால் கனம் தெரியுமா. இடது பக்கம் கனம் இருக்கிறது, அது காதோட கனமா, கட்டியோட கனமா. தலையில் அடி, சார். அடி பட்டிருக்கிறது, ஆறாவது படிக்கும்போது கிணற்றுப் படியில், அதுவா, அதற்கு இத்தனை வருஷம் கழித்தா. டி.பி. காய்ச்சல் மூளைக்கு ஏறினால், சார். ராத்திரி இருமினான் இல்லை, இருமினானே, ஒரு தடவை. முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தால் சில பேருக்கு அதனாலேயே வரும், சார். அடப்பாவிகளா. அவனுக்கு இனிமேல்தான் நீர் எடுக்கப் போகிறார்கள், ஸ்கேன் தேதி வரட்டும், அதில் ஒன்றும் தெரியாவிட்டால் முதுகில் எடுப்போம் என்று பி.ஜி. டாக்டர் அம்மாவிடம் சொல்லிவிட்டார். கண்ணுக்காக முதுகில் குத்தி, முதுகில் குத்தியதால் கண் போய், அதற்கு எங்கே குத்துவார்கள். இத்தனை காரணம் சொன்னார்கள், ஒருத்தனும் காதைச் சொல்லவில்லை. சொல்லாதது நிம்மதியாக இருந்தது. கண் வேறு, காது வேறு. கண்ணைக் காட்ட வந்த இடத்தில் காதை எதற்குக் காட்டணும். ஆனால் எல்லாம் இடது பக்கம். இடது கண், இடது கன்னம், இடது காது. இது போன வாரமே தோன்றிய நினைப்பு, தோன்றியதும் அமுக்கிவிட்ட நினைப்பு, டியூப்பைத் தண்ணீருக்குள் அமுக்கினால் ஓட்டை இருக்கிற இடத்தில் புஸ்ஸென்று குமிழி வருமே, அந்த மாதிரி வந்துகொண்டே இருக்கிறது, கையை வைத்து மூடினால் விரல் இடுக்கில் வருகிறது.

அந்தக் காது சாமியிடம் கணக்குத் தீர்ந்துபோன காது. அதுதான் சிக்கலே. சின்னதிலிருந்தே சீழ் வடியும், அம்மா பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை விடுவாள், கோழி இறகால் துடைப்பாள், கடைசியில் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். நின்றுவிட்டது. தன் கொலுசை உருக்கி வெள்ளியில் ஒரு காது செய்து, ஆசாரியிடம் மடல் சரியா வளையலீங்க என்று சண்டை போட்டுத் திருத்தி வாங்கி, பரணி கையாலேயே உண்டியலில் போட வைத்தாள். அவன் காதை விடவும் அது அழகாக இருந்தது. உண்டியலுக்குள் போய் டிங் என்று விழுந்த சத்தம் இடது காதில் கேட்டதா என்று அவள் கேட்டாள், கேட்டதும்மா என்றான், கேட்கவில்லை. ஒன்பதாவது படிக்கும்போது வாய்க்காலில் விழுந்து விழுந்து குளித்தான், மறுபடி வடிய ஆரம்பித்தது. அம்மாவிடம் எப்படிச் சொல்வான். வெள்ளியை வாங்கிக்கொண்டு ஆத்தா ஏமாற்றிவிட்டாள் என்றா. இல்லை, நீ என்ன தப்புப் பண்ணின, எந்தத் தீட்டைத் தொட்ட என்று அவள் ராவெல்லாம் அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பாள், கொலுசில்லாத காலைத் தடவிக்கொண்டு. இந்த ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது காது மூக்கு தொண்டையில ஏதாச்சும் தொந்தரவு உண்டா என்று கேட்டார்கள். அம்மா அவனைப் பார்த்தாள், அவன் அம்மாவைப் பார்த்தான், ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் இல்லீங்க என்றார்கள். வெளியே வந்ததும் அவள் குரலைத் தாழ்த்தி, காணிக்கை போட்ட வியாதியை வாயால கூப்பிடக் கூடாது சாமி, கூப்பிட்டா திரும்பி வந்துரும், அதைப் பத்திப் பேச்சே எடுக்காதே என்றாள். அது எங்கேம்மா போச்சு திரும்பி வர்றதுக்கு என்று மனசுக்குள்ளேயே கேட்டுக்கொண்டான். இப்போது கண்ணுக்கு நேர்ந்திருக்கிறாள், வெள்ளியில் கண்மலர். உருக்குவதற்கு இன்னொரு கொலுசு இல்லை. வார்டுக்கு வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறாள், பரீட்சை முடிகிறவரை உள்ளே விடமாட்டார்கள்.

அடுத்து ஒருத்தி வந்தாள். வெள்ளைக் கோட்டில் பேர் குத்தியிருந்தாள், காலடியில் நின்றபோது பெனிட்டா என்று இரண்டு தடவை தெரிந்தது. அண்ணா, நான் கொஞ்சம் பாக்கலாமா என்று கேட்டாள். காலையிலிருந்து ஒருத்தரும் கேட்கவில்லை. அண்ணாவாம், அவளுக்கு இவனைவிட வயது கூடத்தான் இருக்கும். விரலை ஆட்டினாள், டார்ச் அடித்தாள், எப்போதிருந்து, எப்படி வந்தது, எல்லாம் வழக்கம்தான். பிறகு வலி எங்கே என்று கேட்டாள். மற்றவர்கள் வலி இருக்கா என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்கள், இவள் எங்கே என்றாள். கண்ணுக்குப் பின்னாலீங்க, கன்னத்துல, பல்லுல என்று இடது பக்கம் கை காட்டினான். அவள் குனிந்தாள். கன்னத்தைப் பஞ்சால் தொட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மாதிரி தெரியுதா என்று கேட்கக் குனிந்தாள், முகம் முகத்துக்குப் பக்கத்தில் வந்தது, அப்போது அவள் மூக்கு. பரணிக்கு அது தெரியாதா. உலகத்திலேயே அவனுக்கு மட்டும் நன்றாகத் தெரிந்த பாடம் அது. மூச்சு நடுவில் ஒரு சின்னத் தடங்கல், மூக்கு மடல் லேசாக ஒடுங்கும், உடனே கண் வேறு பக்கம் போகும். அவள் கண் போகவில்லை. இன்னொரு தரம் மூச்சை இழுத்தாள், வேண்டுமென்றே. காதுல ஏதாச்சும் வடியுதாங்கண்ணா என்று மெதுவாகக் கேட்டாள். இல்லீங்க. யோசிப்பதற்கு முன்னாலேயே வந்து விழுந்துவிட்டது, விக்கல் மாதிரி. அது அவன் சொல்லவில்லை, வாய் சொன்னது. அவள் அங்கேயே நின்றாள். இன்னொரு தடவை கேளு, பிள்ளே. இன்னொரு தடவை கேட்டால் ஒருவேளை. நேரம் முடிந்த மணி அடித்தது. அவள் நிமிர்ந்துவிட்டாள்.

பரீட்சை டாக்டர் வெளியூர்க்காரர், பேனா மூடியை வாயில் கடித்துக்கொண்டே பேசுகிறவர், காலையிலிருந்து நின்று நின்று கால் கடுத்துப்போன முகம். பி.ஜி. டாக்டர் பின்னால் கை கட்டி நின்றார். நரம்பு எதும்மா. ஆறாவது, சார், இடது. காரணம். பெனிட்டா சர்க்கரை, பி.பி. என்றெல்லாம் ஆரம்பிக்கவில்லை. இந்தப் பேஷண்ட்டுக்குக் காதுதான் சார் என்றாள். பேனா மூடி வாயிலிருந்து வெளியே வந்தது. காதா என்றார் அவர், கண் கேஸுக்குக் காதா, சொல்லு கேப்போம். அவள் குரல் உடைந்து உடைந்து வந்தது. காதுச் சீழ் உள்ளே எலும்பைத் தின்றுகொண்டு போனால் அந்த எலும்பின் முனையை ஒட்டித்தான் ஆறாவது நரம்பு போகிறது, அதைப் பிடித்துவிடும், பக்கத்திலேயே முகத்துக்கு உணர்ச்சி தருகிற ஐந்தாவது நரம்பு, அதனால்தான் கண்ணுக்குப் பின்னால் வலி, காது, வலி, கண் மூன்றும் ஒரே பக்கம் சேர்ந்தால் இதை நினைக்கணும், இந்தக் காலத்தில் ரொம்ப அபூர்வம், ஆனால் விட்டால் மூளைக்குப் போயிரும் சார். பரணிக்கு மற்ற எல்லாம் தூரத்தில் கேட்டது, கடைசி வார்த்தை மட்டும் கேட்கிற காதில் வந்து உட்கார்ந்தது. மூளைக்குப் போயிரும். எவ்வளவு தூரம் இருக்கும், காதிலிருந்து மூளைக்கு. ஒரு விரல்கடை இருக்குமா. ராத்திரி அந்தக் காதை மேலே வைத்துத்தானே படுத்தான், உள்ளுக்குள் ஊறட்டும், வெளியே வழியாமல் இருக்கட்டும் என்று பஞ்சை வைத்துத் திணித்துத் திணித்து. வெளியே போக வழியில்லாதது எங்கே போகும். டியூப்பை அடைத்தால் காற்று எங்கே போகும். டயர் கடையில் வேலை பார்க்கிறவனுக்குத் தெரியாதா இது.

சரி, காது வடியுதா, கேட்டியா என்றார் பரீட்சை டாக்டர். கேட்டேன் சார். என்ன சொன்னார். அவள் டார்ச்சைக் கோட்டுப் பைக்குள் வைத்தாள். என்ன சொன்னார்ம்மா. இல்லைன்னு சொன்னார் சார். அவர் பி.ஜி. டாக்டரைத் திரும்பிப் பார்த்தார், அவர், அட்மிஷன்லயும் கேட்டோம் சார், காதுல ஒண்ணும் இல்லைன்னுதான் சொன்னாங்க என்றார். "பேஷண்ட்டே இல்லைங்கிறார். நீ எதை வெச்சும்மா இருக்குன்னு சொல்ற? புஸ்தகத்துல படிச்சதை இவர் தலையில கட்டறியா?" அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் மோசம். பேனாவைத் திறந்தார். அடுத்த கட்டிலில் அய்யண்ணன் வயிற்றைச் சுரண்டுவதை நிறுத்தியிருந்தார். எதை வெச்சு என்று அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை. நாத்தம், சார். அதைச் சொன்னால் பாஸ். பரணி கண்ணை மூடிக்கொண்டான், வரட்டும், வந்து விழட்டும், இத்தனை பேருக்கு நடுவில், வார்டு முழுக்க, வராந்தா வரைக்கும். வரவில்லை. கண்ணைத் திறந்தான். அவள் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டைக் கடித்திருந்தாள், கண் நிறைந்திருந்தது, ஒரு சாணும் தள்ளி நிற்கவில்லை.

"தோணுச்சு சார்," என்றாள். "அவ்வளவுதான்."

தோணுச்சுன்னெல்லாம் மார்க் போட முடியாதும்மா என்று அவர் பேனாவைத் தாளுக்குக் கொண்டுபோனார். லூசுப் பிள்ளே. சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே. கிஷோர் ஜியாமெட்ரி பாக்ஸை எடுத்துக்கொண்டு போனான், சார் ஜன்னல் ஓரம் அனுப்பினார், ஆத்தா வெள்ளியை வாங்கிக்கொண்டாள், இவள் மார்க்கை விட்டுவிட்டு நிற்கிறாள். வராந்தாவில் அம்மா உட்கார்ந்திருப்பாள், கண்மலருக்கு யாரிடமாவது கேட்டுக்கொண்டிருப்பாள். ஓடலாமா. எங்கே ஓடுவது, காதையும் தூக்கிக்கொண்டுதான் ஓடணும். இல்லீங்க என்று வாய் மறுபடியும் தயாராக நின்றது, யாராவது கேட்டால் போதும், சொல்லிவிடும். யாரும் கேட்கவில்லை. கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொல்லணும்.

கை போனது. முடியை ஒதுக்கியது. பஞ்சு உள்ளே நன்றாகத் திணித்திருந்தது, நகத்தால் நோண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது, வரும்போது இழை இழுத்துக்கொண்டு சூடாக வந்தது. அவனுக்கே நாறியது. நுனி பச்சையாக இருந்த அதை விரல் நடுவில் பிடித்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் கிடந்த காது அவர்களுக்குத் தெரியணும் என்று மெத்தையில் கழுத்தைப் புரட்டினான். புரட்டும்போதே எல்லாம் விலகிப் போயிற்று, இரண்டு பேனா, இரண்டு பி.ஜி. டாக்டர், இரண்டு பெனிட்டா. எந்தப் பெனிட்டாவிடம் நீட்டுவது என்று தெரியாமல் நடுவில் நீட்டினான். தலையைத் திருப்பாதே, கண்ணை மட்டும் திருப்பு என்றுதான் காலையிலிருந்து சொல்லியிருந்தார்கள்.